திருவண்ணாமலைக்கு இரண்டு நாள்: நாலு வேளைக் கணக்கு

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் போன வருஷம் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். டிசம்பரில் அவனைப் பார்க்க வந்த நண்பர்களுக்காகப் போட்ட வார இறுதித் திட்டம். வழக்கமா இந்த மாதிரி ஷீட்டில் இடங்களோட பேர்தான் வரிசையா இருக்கும். இதில் முதல் பத்தியின் தலைப்பே 'வெளிச்சம்'.

டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் உதிக்கும். மதியம் மூணு மணிக்கு முன்னாலேயே மறைஞ்சிடும். ஆறு மணி நேரப் பகல். அதனால பழைய நகரத்தின் சந்துகள், படகுத்துறை, தீவுகளுக்கு நடுவே நடக்கிறது எல்லாம் அந்த ஆறு மணிக்குள். அருங்காட்சியகமும் சாப்பாடும் இருட்டினதுக்கு அப்புறம். 72 மணி நேரத்துக்கு ஒரே டிக்கெட், பேருந்து, மெட்ரோ எல்லாத்துக்கும் செல்லும். திட்டம் அவ்வளவுதான்.

கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணா, ஜனவரியில் வர்றேன். அம்மாவைத் திருவண்ணாமலை கூட்டிட்டுப் போகணும். ரெண்டு நாள்தான் இருக்கு. இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருந்தது. காரணம், நாலு வருஷத்துக்கு முன்னால் சித்தியை அங்கே கூட்டிட்டுப் போனவன் நான்தான். அந்தப் பயணம் சரியா முடியலை.

என்ன தப்பு செஞ்சேன்

அன்னிக்குப் பௌர்ணமி. பௌர்ணமியில்தானே எல்லாரும் போறாங்க, நாமும் போவோம் என்பதுதான் என் மொத்தத் திட்டம். தாம்பரத்தில் மதியம் கிளம்பினோம். பௌர்ணமி நாட்களில் வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்குள் விடமாட்டாங்க. ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையம் போட்டு அங்கேயே இறக்கி விட்டுடுவாங்க. அங்கிருந்து கோயிலுக்கு நடை, அதுக்கப்புறம் மூணு மணி நேரம் தரிசன வரிசை. இரவு பத்து மணிக்கு, ஏற்கெனவே கால் வலிக்கிற நேரத்தில், கிரிவலம் ஆரம்பிச்சோம்.

சித்திக்கு அப்பவே அறுபத்தஞ்சு தாண்டியாச்சு, முழங்கால் தேய்மானம். பாதி வழியில் ஆதி அண்ணாமலை கிட்ட உட்கார்ந்துட்டாங்க. "நீ போய் ஆட்டோ கிடைக்குதா பாரு" என்றாங்க. பாதையில் வண்டியே விடலை. திரும்பி வந்தப்போ அவங்க உட்கார்ந்திருந்த இடத்தில் வேற யாரோ. அத்தனை கூட்டத்தில் போனும் போகலை. ஒன்றரை மணி நேரம் தேடினேன். யாரோ ஒரு அம்மா சித்தியைக் கொஞ்சம் தள்ளி ஒரு திண்ணையில் உட்கார வெச்சிருந்தாங்க.

சித்தி என்னை ஒண்ணும் சொல்லலை. ஆனா வேண்டுதல் பாதியில் நின்னு போச்சு. அதை அவங்க மறக்கலைன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 14 கிலோமீட்டர் நடக்கணும்னு நினைச்சுப் போனவங்களை, சுத்த ஆரம்பிக்கும் முன்னாலேயே மூணு கிலோமீட்டர் நடக்க வெச்சு மூணு மணி நேரம் நிக்கவும் வெச்சிருக்கேன்.

அங்கே வெளிச்சம், இங்கே வெயில்

தம்பியோட ஷீட்டைப் பார்த்தபோதுதான் புரிஞ்சது. ஸ்டாக்ஹோமில் இருட்டு செய்யும் வேலையைத் திருவண்ணாமலையில் வெயில் செய்யுது. கோயிலுக்குள்ளும் சரி, கிரிவலப் பாதையிலும் சரி, வெறுங்கால். காலை பத்து மணிக்கு மேல் கருங்கல் தளமும் தார் ரோடும் கொதிக்கும். கோயில் நடை வழக்கமா காலை 5.30 முதல் மதியம் 12.30 வரை, மறுபடி 3.30 முதல் இரவு 9.30 வரை. ஆக பதினொண்ணு முதல் நாலு வரை இந்த ஊரில் நடுராத்திரி மாதிரி. அப்போ சாப்பிடலாம், தூங்கலாம், அறையில் இருக்கலாம். வேற எதையும் அங்கே திணிக்கக் கூடாது.

இந்த நடுப்பகலை எடுத்துட்டா ஒரு நாளில் மிஞ்சுறது ரெண்டு வேளை: விடியல், அந்தி. வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்து ஞாயிறு மதியம் கிளம்பினா மொத்தம் நாலு வேளை. வெள்ளி அந்தி, சனி விடியல், சனி அந்தி, ஞாயிறு விடியல். நம்மகிட்ட இருக்கும் கைமுதல் அவ்வளவுதான்.

அங்கே பார்க்கவேண்டிய பெரிய விஷயங்கள் மூணு: கோயில், கிரிவலம், ரமணாசிரமமும் அதுக்கு மேலே இருக்கும் குகைகளும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேளை. ஒரு வேளை மிச்சம். அந்த மிச்சத்தை எதுக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கூட வர்றவங்களைப் பார்த்து முடிவு பண்ணணும்.

பௌர்ணமியா, வேண்டாமா

இதில் நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு. பௌர்ணமி என்பது ஒரு தேதி இல்லை, ஒரு திதி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடினா ஒரு திதி. அது 168 பாகையைத் தொடும்போது பௌர்ணமி ஆரம்பிக்குது, 180ஐத் தொடும்போது முடியுது. சந்திரன் எப்பவும் ஒரே வேகத்தில் ஓடுறதில்லை என்பதால் ஒரு திதி சுமார் 20 மணி நேரமும் இருக்கலாம், 26 மணி நேரமும் இருக்கலாம். அதனால்தான் 'கிரிவலம் செல்ல உகந்த நேரம்' என்று வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரு நாள் காலையிலோ மதியத்திலோ ஆரம்பிச்சு மறுநாளில் போய் முடியுது.

இன்னொண்ணு கவனிங்க. முழு நிலா என்கிற கணம் திதியோட ஆரம்பத்தில் இல்லை, முடிவில் இருக்கு. திதி முடிஞ்ச அன்றைய இரவிலும் நிலா கண்ணுக்கு முழு வட்டமாகத்தான் தெரியும். ஆனா கூட்டத்தில் பெரும்பகுதி அதுக்குள்ள ஊர் திரும்பியிருக்கும்.

திதிக்குள் சுத்தியே ஆகணும் என்பது உங்க நம்பிக்கைன்னா அதில் நான் தலையிட மாட்டேன். அப்படின்னா முதல் நாளே போய் அறையில் ஓய்வெடுத்துட்டு, திதி நேரத்துக்குள் வரும் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்க. கூட்டம் உச்சத்தில் இருக்கிறது முன்னிரவில்தான். தரிசன வரிசையையும் கிரிவலத்தையும் ஒரே வேளையில் சேர்க்காதீங்க. நிலா வேணும், நெரிசல் வேண்டாம்னா திதி முடிஞ்ச மறுநாள் விடியல் நல்லது. சித்திரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் தனி ரகம். அந்த நாட்களில் வயசானவங்களைக் கூட்டிட்டு ரெண்டு நாள் பயணம் என்று யோசிக்கவே வேண்டாம்.

14 கிலோமீட்டரும் மலை நிழலும்

கிரிவலம் இடமிருந்து வலம். கோயிலில் கிளம்பித் தெற்கே வந்து, செங்கம் சாலையில் மேற்கு நோக்கி ரமணாசிரமம் வழியாப் போய், அப்புறம் நெடுஞ்சாலையிலிருந்து வலப்பக்கம் பிரியணும். பிரியும் வரை கடைகள், வண்டிச் சத்தம். பிரிஞ்சதும் மரங்கள், மலை, அமைதி. பின்பக்கம் ஆதி அண்ணாமலை கோயில், கிட்டத்தட்ட பாதி தூரம். பிறகு வடக்குப் பக்கமாக் கிழக்கு நோக்கித் திரும்பி ஊர். இந்திரன் முதல் ஈசானன் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் வழியில் வரும். எங்கே இருக்கோம்னு தெரிஞ்சுக்க மைல்கல் மாதிரி அவையே போதும்.

மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறவங்களுக்கு மூன்றரை மணி நேரம். எட்டு லிங்கத்திலும் நின்னு கும்பிட்டா நாலரை, அஞ்சு. முழங்கால் வலி உள்ளவங்க மணிக்கு ரெண்டு கிலோமீட்டர்தான் போவாங்க. அவங்களுக்கு இது ஏழு மணி நேரம். காலை நாலு மணிக்குக் கிளம்பினாலும் முடியும்போது பதினொண்ணு ஆகிடும், தார் ரோட்டில் கால் வைக்க முடியாது.

இங்கே மலை ஒரு உதவி செய்யுது. மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி, அதாவது சுமார் 813 மீட்டர். ஊர் சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஆக மலை ஊரைவிட 640 மீட்டர் உசரம். சுத்துப்பாதை 14 கிலோமீட்டர். அதை வட்டமா எடுத்துக்கிட்டா ஆரம் 2.2 கிலோமீட்டர். பின்பக்க ரோட்டில் நின்னு பார்த்தா உச்சி சுமார் 16 பாகை உயரத்தில் தெரியணும். நம்ம ஊர் அட்சரேகையில் சூரியன் மணிக்குக் கிட்டத்தட்ட 15 பாகை ஏறும். அப்படின்னா உதிச்சு ஒரு மணி நேரம் வரைக்கும் மேற்குப் பக்கத்துப் பாதை மலை நிழலில் இருக்கும். தோராயக் கணக்குதான், மலை ஒண்ணும் கூம்பு இல்லை. ஆனா விடியலில் கிளம்பினவங்க வெயில் ஏறும் நேரத்தில் நிழலில் இருப்பாங்க. மாலையில் கிளம்பினா இது தலைகீழ்: மேற்கு வெயில் நேரா முகத்தில் அடிக்கும்.

பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் இன்னொரு லாபம் உண்டு. நாலு மணிக்கு நிலா மேற்கே இருக்கும். செங்கம் சாலையில் நடக்கும்போது அது எதிரிலேயே நிக்கும்.

கோயிலுக்கு ஒரு முழு அந்தி

கோயில் சுமார் 25 ஏக்கர். தரிசனம் மட்டும் முடிச்சு வெளியே வந்துட்டா பாதிக்கு மேல் பார்க்காம வந்திருப்போம். மூன்றரைக்கு நடை திறக்கும்போதே உள்ளே போய், முதலில் தரிசனம், பிறகு பிரகாரம் என்று வெச்சுக்கங்க. சாயங்காலம் தளமும் கொஞ்சம் கொஞ்சமா ஆறிடும்.

கிழக்கே இருக்கும் ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடிச்சார். வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம்னு பேர். அம்மணி அம்மாள் என்கிற பெண் துறவி ஊர் ஊராப் போய்க் காசு சேர்த்துக் கட்டினது. ஒரு பக்கம் ஒரு பேரரசின் கஜானா, இன்னொரு பக்கம் ஒரு பெண் கையேந்திச் சேர்த்த காசு, ரெண்டும் ஒரே மதில் சுவரில். உள்ளே வல்லாள மகாராஜா கோபுரம்; ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளர் 14ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து ஆண்டிருக்கார். ஆயிரங்கால் மண்டபத்தை ஒட்டிப் பாதாள லிங்கம். சிறுவனாக வந்த ரமணர் உடம்பு நினைவே இல்லாமல் உட்கார்ந்திருந்த இடம் அது.

ஆசிரமமும் மேலே இருக்கும் பாதையும்

ரமணாசிரமம் கோயிலிலிருந்து செங்கம் சாலையில் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். அந்தியில் போங்க. வேதபாராயணம், பிறகு தமிழ்ப் பாராயணம் நடக்கும். சமாதி மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்கலாம். நடந்தே களைச்சவங்களுக்கு நல்ல இடம், உட்கார மட்டும்தான் அங்கே வேலை. தங்க விரும்பினா ஆசிரமத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கணும். நேரில் போய் நின்னா பெரும்பாலும் இடம் இருக்காது.

ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கல் பாவிய பாதை கந்தாசிரமத்துக்கு ஏறும். ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பிறகு 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். கந்தாசிரமத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாறையிலிருந்து பார்த்தா மொத்தக் கோயிலும், எல்லாக் கோபுரங்களோடும், வரைபடம் மாதிரி கீழே விரிஞ்சு கிடக்கும். ஆசிரமத்தில் ஏறி, விரூபாட்ச குகை வழியா ஊர்ப் பக்கம் இறங்கினா வந்த வழியே திரும்ப வேண்டாம். முழங்கால் சரியில்லாதவங்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அவங்களுக்கு வேண்டாம். சாயங்காலம் இருட்டும் முன்னாலேயே மூடிடுவாங்க, காலையில் போறது உத்தமம்.

மலை உச்சியைத் திட்டத்தில் சேர்க்காதீங்க. அனுமதி இல்லாத ஏற்றம் அது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெங்கல் புயல் மழையில் இந்த மலைச்சரிவில் மண் சரிந்து, அடிவாரத்து வீட்டில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனாங்க. அந்த வருஷம் தீபத்துக்குப் பொதுமக்களை மலையேற விடலை. ஐப்பசி, கார்த்திகையில் போறவங்க வானிலை அறிவிப்பைப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாப் பேருந்து, நாலரை மணி நேரம் ஆகும். 2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வழியா ரயிலும் உண்டு. மாலையில் கிளம்பி நள்ளிரவில் போய்ச் சேரும். காலையில் ரொம்ப சீக்கிரம் திரும்பும். கட்டணம் குறைவு, ஆனா அந்த நேரத்துக்கு அறை ஏற்பாடு செய்யாம இறங்கினா முதல் விடியல் வேளை தூக்கத்தில் போயிடும்.

இந்த ஊருக்கு நடந்த பயணங்களிலேயே ரொம்ப மோசமாத் திட்டமிட்ட பயணம் ரமணருடையதுதான். 1896 ஆகஸ்ட் 29, பதினாறு வயசு, கையில் மூணு ரூபாய். பழைய தேசப்படத்தைப் பார்த்து, பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம்னு நினைச்சு மதுரையில் டிக்கெட் வாங்கினார். விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை திருவண்ணாமலை வழியாவே போகுதுங்கிறது அந்தப் படத்தில் இல்லை. வழியில்தான் விஷயம் தெரிஞ்சது. விழுப்புரத்தில் இறங்கி, மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை, அறையணிநல்லூர், கீழூர், காதுக் கடுக்கனை அடகு வெச்சு நாலு ரூபாய். செப்டம்பர் 1 காலையில் வந்து சேர்ந்தார். 1950இல் மறையும் வரை ஊரைவிட்டுப் போகலை. திரும்பும் டிக்கெட் இல்லாதவங்களுக்குத் திட்டம் தேவைப்படலை. நமக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் இருக்கு.

திரும்பும் வழியில் செஞ்சிக் கோட்டையைச் சேர்க்கலாமான்னு தம்பி கேட்டான். 2025இல் மராட்டிய ராணுவக் கோட்டைகளில் ஒன்றா யுனெஸ்கோ பட்டியலில் வந்த இடம், வழியிலேயே இருக்கு. வேண்டாம்னேன். அவன் ஊரில் வாசா என்கிற கப்பலை அருங்காட்சியகத்தில் வெச்சிருக்காங்க. மேல்பாரம் அதிகமாகி, 1628இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் கவிழ்ந்த கப்பல். அதை ஞாபகப்படுத்தினேன். சிரிச்சுட்டு விட்டுட்டான்.

என்ன நடந்தது

மிச்சமிருந்த நாலாவது வேளையைக் கிரிவலத்துக்கே கொடுத்தோம். அதாவது கிரிவலத்தை ரெண்டா வெட்டினோம்.

வெள்ளி அந்தி ஆசிரமம். எட்டு மணிக்குச் சாப்பிட்டுத் தூங்கியாச்சு. சனி விடியல் நாலு மணிக்குக் கோயில் வாசலில் ஆரம்பிச்சு ஆதி அண்ணாமலை வரை. அன்னிக்குப் பௌர்ணமி முடிஞ்ச மறுநாள். ஒவ்வொரு லிங்கத்திலும் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். ஏழரை ஆச்சு, ரோடு இன்னும் நிழலில்தான் இருந்தது. அங்கிருந்து ஆட்டோ. சித்தி தூங்கின நேரத்தில் தம்பி மட்டும் கந்தாசிரமம் போய் வந்தான். சனி அந்தி கோயில். ஞாயிறு நாலரைக்கு ஆட்டோவில் ஆதி அண்ணாமலை போய், விட்ட இடத்திலிருந்து மீதி. எட்டேகாலுக்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்னோம்.

ரெண்டாப் பிரிச்சு நடந்தா அது கிரிவலம் ஆகுமான்னு எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு கேள்வி இருந்தது. ஷீட் போட்டவன் நான் என்பதால் கேட்கவும் தயக்கம். கடைசியில் கேட்டுட்டேன்.

"நாலு வருஷம் முன்னாடி பாதியில நின்னேன் இல்ல, அதையும் சேர்த்தா ஒண்ணரை ஆச்சுடா" என்றாங்க சித்தி. செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டே, "அடுத்த தடவை ஆட்டோவுக்கு முன்னாடியே பேசி வெச்சுடு, ஞாயித்துக்கிழமை ரொம்பக் கேட்டான்" என்றாங்க.

ஷீட்டில் அந்த வரியையும் சேர்த்திருக்கேன்.